தை ஞாயிறு கல்யாணம்: வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வகுப்பது எப்படி? (ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம்)

உச்சிப்புளி அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை 7.30-க்கு மேல் 9-க்குள். மண்டபம் ராமநாதபுரத்தில், வரவேற்பும் அன்றைக்கு மாலையே அங்கேதான். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் மாற்றிவிடலாம் என்பதால் கேட்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் அக்காவுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தி முடிந்த கையோடு, பன்னிரண்டரை மணி வெயிலில் அரியமான் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தார்கள். கடல் அழகாக வந்திருந்தது, அக்கா வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்திருக்கிறது. அத்தான் வேட்டி வெள்ளை வெளேரென்று வெளிறிப்போய், கரைகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு யாராவது வந்து ஆல்பம் கேட்டால் அக்கா எடுத்துக் காட்டுவாள். ஆனால் அந்த நாலு பக்கம் வந்ததும் சட்டென்று புரட்டிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தங்கச்சிக்கு அப்படி ஆகக்கூடாது. எத்தனை மணிக்கு, எங்கே போகலாம்? தனுஷ்கோடி வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சொல்லுங்கள்.

ராம்நாடு வெளிச்சம்

தம்பி, கல்யாணப் படம் எடுப்பதுதான் எனக்குத் தொழில். பத்திரிகை அடிக்கும் முன்னால் கேட்டீர்களே, ரொம்பச் சந்தோஷம். பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரிதான் எங்களிடம் நேரம் கேட்பார்கள்.

முதலில் உங்கள் அக்கா படம் ஏன் அப்படி வந்தது என்று சொல்கிறேன். நம் ஊர் இருப்பது ஒன்பது டிகிரி அட்சரேகையைக் கொஞ்சம் தாண்டி. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். சித்திரை பிறக்கும்போது ஒன்று, ஆவணி இரண்டாம் வாரத்தில் இன்னொன்று. அந்த நாட்களில் நடுப்பகலில் கம்பத்தை நட்டு வைத்தால் நிழலே விழாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆகவே ஆவணியில் இங்கே உண்மையான உச்சிவேளை பன்னிரண்டே கால். உங்கள் அக்காவை நிறுத்தியது பன்னிரண்டரைக்கு. எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் அந்த நேரத்தில் கண்ணுக்குக் குழிதான் விழும்.

தை கடைசியில் கணக்கு வேறு. சூரிய உதயம் சுமார் 6.35, அஸ்தமனம் சுமார் 6.20. சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிற மாதம் என்பதால் வெயில் ஆவணி அளவுக்குக் கொடுமையாக இருக்காது. ஆனாலும் பத்திலிருந்து மூன்றரை வரைக்கும் வெளியே நிறுத்தி முகத்தை எடுக்க வேண்டாம்.

மாலையில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் "பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம்" என்று சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்கும். நம் ஊரில் கிணற்றில் வாளி விட்ட மாதிரி நேராக இறங்கிவிடும். தை கடைசியில் 5.50-லிருந்து 6.20 வரை, அவ்வளவுதான், அரை மணி நேரம். அதற்குப் பிறகு ஒரு இருபது நிமிஷம் வானம் நீலமும் ஊதாவுமாக நிற்கும், அதுவும் அழகுதான். ஆக 5.15-க்கு மணலில் கால் வைத்து 6.40-க்குக் கிளம்ப வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முகூர்த்தத்தை யாரும் தொடக்கூடாது, தொடவும் முடியாது. ஆனால் பந்தி, சேலை மாற்றுவது, வரவேற்பு தொடங்கும் நேரம் எல்லாம் நம் கையில் இருக்கிறது. பத்திரிகையில் "மாலை 6.30" என்று அடித்தீர்களென்றால் இந்த அரை மணி அப்போதே போய்விட்டது.

மல்லிகைப் பந்தல்

அண்ணே, நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். காலை முகூர்த்தத்துக்கு ஒரு அலங்காரம், மாலைக்கு ஒரு அலங்காரம் என்றால் இரண்டாவதற்கு இரண்டு மணி நேரமாவது எனக்கு வேண்டும். காலையில் வைத்த தலையைப் பிரித்து, முகத்தைக் கழுவி, பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்த பிறகுதான் தொடங்க முடியும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்த பெண்ணுக்குத் தூக்கமில்லாவிட்டால் கண்ணுக்குக் கீழே நான் எதைப் பூசினாலும் தெரியும். உங்கள் தங்கச்சிக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக் கொடுங்கள். நல்ல படத்துக்கு வெளிச்சம் எவ்வளவு முக்கியமோ அந்தத் தூக்கமும் அவ்வளவு முக்கியம்.

தனுஷ்கோடி என்றால் சேலை முந்தானை, தலைமுடி, பூ எதுவும் நிற்காது. அங்கே எப்போதும் காற்று. தையில் வாடை கொஞ்சம் தணிந்திருக்கும், அவ்வளவுதான். முந்தானையைத் தோளில் உள்பக்கமாக இரண்டு இடத்தில் பின் குத்திவிடுவேன். மல்லிகையை நெருக்கிக் கட்டிய சரமாக வாங்குங்கள், நெகிழ்த்திக் கட்டியது உப்புக்காற்றில் அரை மணியில் துவண்டுவிடும்.

கொடைக்குப் போய் வந்தவன்

வெளிச்சம் அண்ணன் சொன்ன 6.20 பற்றி ஒரு எச்சரிக்கை. பஞ்சாங்கத்திலும் போனிலும் இருக்கும் அஸ்தமனம் எதிரே தடை இல்லாத இடத்துக்கான கணக்கு.

என் சித்தி மகன் கல்யாணம் கொடைக்கானலில் நடந்தது. இங்கிருந்து வேனில் போனோம். படம் எடுக்க வந்தவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான். போனைப் பார்த்து, ஆறு மணிக்குத்தானே என்று சாவகாசமாக இருந்தார்கள். தங்கியிருந்த இடம் பள்ளத்தில், மேற்கே மலைச்சரிவு. நாலரைக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. போனதும் முகமெல்லாம் நீலமாகிவிட்டது. மலையில் நிழல் விழுந்த இடத்துக்கு மேலே நீலவானத்தின் வெளிச்சம் மட்டும்தான் வரும், அது குளிர்ந்த நிறம். மாப்பிள்ளை பட்டுச்சட்டை சந்தன நிறம், படத்தில் சாம்பலாக இருக்கிறது. மறுநாள் மேட்டில் ஒரு திறந்த இடத்தைப் பிடித்தோம், மூன்று மணிக்கு மூடுபனி ஏறி வந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்ற அத்தை தெரியவில்லை.

அங்கே ஒரு பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். மலையில் கல்யாணம் வைத்தால் வெளிப்படத்தைக் காலையில் முடித்துவிட வேண்டும். பனி விலகினதும், கிழக்குச் சரிவில் வெயில் இறங்குகிற நேரத்தில். மாலையை நம்பி எதையும் வைக்கக்கூடாது. முந்தின நாள் அதே மணிக்கு அதே இடத்தில் போய் நின்று, சூரியன் எந்த முகட்டில் மறைகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கடற்கரையில் மலை இல்லையே என்று நினைக்காதீர்கள். அரியமானில் சவுக்குத்தோப்பு இருக்கிறது.

ராம்நாடு வெளிச்சம்

கொடைத் தம்பி சரியாகச் சொன்னார். நமக்குச் சவுக்குத்தான் மலை.

அரியமான் வடகடல் கரை. பாக் நீரிணையைப் பார்த்து நிற்கிறது, தோப்பும் ஊரும் அதற்குத் தெற்கே. தையில் சூரியன் இறங்குவது மேற்குக்குத் தெற்கே, அதாவது தோப்புப் பக்கம். நாற்பது அடிச் சவுக்குக்கு நூற்றைம்பது அடி தள்ளி நின்றீர்களென்றால், ஐந்தேகாலுக்கே வெயில் மறைந்துவிடும். போனில் 6.20 என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். ஒரு முட்டி உயரம் சுமார் பத்து டிகிரி. நம் ஊரில் சூரியன் அந்த ஒரு முட்டியை இறங்க ஏறக்குறைய முக்கால் மணி எடுக்கும். தோப்பின் உச்சி அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி இருந்தால், அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு இருட்டு என்று அர்த்தம். சூரியனை நேராக வெறித்துப் பார்க்க வேண்டாம், மரத்தை மட்டும் அளங்கள்.

அதனால் என் யோசனை தென்கடல். மன்னார் வளைகுடாப் பக்கம், புதுமடம் அல்லது வேதாளை. தையில் அந்தக் கரையில் சூரியன் கரையை ஒட்டியே இறங்கும். வெளிச்சம் மணலைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வரும். பட்டுச்சேலைக்கு அதைப்போல எதுவும் இல்லை. நேர் வெளிச்சத்தில் ஜரிகை வெறும் மஞ்சள் பட்டை. பக்க வெளிச்சத்தில் இழை இழையாக எழுந்து நிற்கும், மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். மணலும் நமக்கு உதவி. வெள்ளை மணல் வெளிச்சத்தை அடியிலிருந்து முகத்துக்குத் தூக்கிக் கொடுக்கும். போதாவிட்டால் மாப்பிள்ளைத் தோழனிடம் ஒரு தெர்மாகோல் அட்டையைக் கொடுத்து மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்வேன்.

அங்கே வலை காயப்போட்டிருப்பார்கள், வள்ளம் ஏற்றி வைத்திருப்பார்கள். முந்தின நாளே போய்க் கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம். கேட்டுச் செய்தால் வள்ளத்தைக்கூடத் தள்ளி வைத்துத் தருவார்கள்.

ட்ரோன் வேண்டுமென்று யாராவது சொன்னால், உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அனுமதி இல்லாமல் பறக்கவிட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாம்பன் பெரியவன்

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. தனுஷ்கோடி என்ற பெயரைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் எங்கள் பெரியப்பா குடும்பம் அங்கே இருந்தது. ரயிலோடு போனவர்கள் போக, வீட்டோடு போனவர்களும் உண்டு. எனக்கு அப்போது ஏழு வயது. பாம்பனில் எங்கள் அம்மா நாலு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. 2017-ல் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு தினமும் ஆயிரக்கணக்கான பேர் வருகிறார்கள். வரட்டும். கடலைப் பார்க்கட்டும். ஆனால் அந்த இடிந்த மாதா கோயில் சுவருக்குள் மாலையும் கழுத்துமாக ஜோடியை நிறுத்திச் சிரிக்கச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு என்னவோ செய்கிறது. நல்ல காரியம் நடந்த அன்றைக்கு அந்த இடம் வேண்டாம் அய்யா. பிறகு ஒருநாள் இருவருமாக வந்து, ஒரு நிமிஷம் கடலைப் பார்த்து நின்றுவிட்டுப் போகட்டும்.

உச்சிப்புளி அண்ணன்

அய்யா, உங்கள் பதிவை அப்படியே தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அங்கே வேண்டாம் அண்ணே" என்று அவளே சொல்லிவிட்டாள். நன்றி அய்யா.

மண்டபத்து மதினி

நல்ல முடிவு. தூரத்தையும் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் ஓரம் கட்டி நிற்பதில் நகரவே முடியாது. புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு அதைப் பார்க்கவும் கூட்டம் நிற்கிறது. அரிச்சல்முனையில் இருட்டும் முன்பே போலீஸ் எல்லாரையும் கிளப்பிவிடும். நீங்கள் தேடுகிற அரை மணி நேரம்தான் அங்கே கிடைக்காது.

சேதுக்கரை என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அது தர்ப்பணம் கொடுக்கிற கரை. எங்கள் அம்மாச்சி இருந்தால் கல்யாணப் பெண்ணை அந்தப் பக்கம் திரும்பக்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை ராகு காலம். வீட்டுப் பெரியவர்கள் பெண்ணை வெளியே விடுவார்களா?

உச்சிப்புளி அண்ணன்

மதினி, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் அப்பத்தா நிச்சயம் விடமாட்டார்கள்.

கீழக்கரைக்காரன்

எங்கள் பக்கம் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. சூரியன் மறைகிற நேரம் எங்களுக்கு மஃரிப் தொழுகை. மாப்பிள்ளையும் தோழர்களும் பள்ளிக்குப் போயாக வேண்டும். அந்தப் பொன் வெளிச்சத்தின் கடைசிப் பத்து நிமிஷம் எங்களுக்குக் கிடையாது, அதைக் கேட்கவும் மாட்டோம். ஆகவே பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டுக் கிளம்புவோம். தை மாதத்தில் அஸர் நாலு மணிக்கு முன்பே வந்துவிடும். நாலேகால் முதல் ஆறு வரை ஒன்றே முக்கால் மணி நேரம் தாராளமாக இருக்கிறது. ஐந்து மணிக்கே பழைய கல்வீட்டுத் திண்ணை ஓரத்தில் உட்காரவைத்தால் வெளிச்சம் தெருவில் பட்டு மெதுவாக உள்ளே வரும். என் அண்ணன் நிக்காஹ் படங்களில் வாப்பா தலைப்பாகை சரிசெய்துவிடுகிற படம் அப்படி எடுத்ததுதான். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் சுவரில் மாட்டியிருக்கிறது.

நேரம் நமக்கு இடம் கொடுக்காத இடத்தில், அதற்கு முன்னால் இருக்கிற நேரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது, அண்ணே.

ராம்நாடு வெளிச்சம்

பாய் சொன்னதுதான் ராகு காலத்துக்கும் வழி. ராகு காலத்தில் எதையும் தொடங்கக்கூடாது என்பார்கள். 4.30-க்கு முன்னால் தொடங்கியது தொடர்ந்து நடக்கலாம். நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் செய்திருக்கிறேன். நாலேகாலுக்குப் பெண் வீட்டு வாசலில், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஜோடியை நிறுத்தி முதல் படத்தை எடுத்துவிடுவேன். பெரியவர்கள் பார்க்கும்படி எடுப்பேன். "தொடங்கியாச்சு" என்று அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். அப்புறம் வண்டியில் ஏறலாம்.

உச்சிப்புளி அண்ணன்

அத்தையிடம் சொன்னேன். அவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, ஞாயிறு மூன்றிலிருந்து நாலரை வரை குளிகை, குளிகையில் தொடங்கியது திரும்பத் திரும்ப நடக்கும், சந்தோஷமான காரியத்தைத் தாராளமாகத் தொடங்கலாம் என்றார்கள். அப்பத்தாவிடம் அவர்களே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். இனி வரவேற்பு நேரம்தான் பாக்கி. 7.30 என்று அடிக்கலாமா?

மண்டபத்து மதினி

7.30 என்று அடித்தால் முதுகுளத்தூர், சாயல்குடி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஞாயிறு ராத்திரி. வயதானவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் ஜோடி இல்லாத வரவேற்பில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு படத்துக்காக அவர்கள் மனம் கோணக்கூடாது.

ராம்நாடு வெளிச்சம்

மதினி சொல்வது ரொம்பச் சரி. பத்திரிகையில் "மாலை 6.30 முதல் விருந்து, 7.15 முதல் வரவேற்பு" என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஆறரைக்கே பந்தி தொடங்கட்டும், மொய் மேசையும் அப்போதே. வாசலில் தாய்மாமனும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரும் நிற்கட்டும். நீங்களும் நில்லுங்கள் தம்பி, கடற்கரைக்கு நீங்கள் வர வேண்டாம். தூரத்து ஊர்க்காரர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது ஜோடி வந்துவிடும். மேடை ஏறியதும் முதலில் அவர்களை அனுப்புங்கள். புதுமடத்திலிருந்து 6.40-க்குக் கிளம்பினால் நேரம் இருக்கிறது.

இன்னொன்று. எல்லாரும் மாலையைப் பற்றியே பேசுகிறோம். உங்கள் கல்யாணத்தின் நல்ல வெளிச்சம் காலையிலேயே இருக்கிறது. 8.45-க்குச் சூரியன் மூன்று முட்டி உயரத்தில்தான் இருக்கும். தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்க்க வெளியே வருகிற நேரம் அது. மண்டபத்துக்குக் கிழக்கே வாசல் இருந்தால் அந்தப் பக்கமே அழைத்து வாருங்கள். மேடையில் பின்னால் எல்.இ.டி. திரை வைக்காதீர்கள். வைத்தால் தாலி கட்டுகிற நேரத்திலாவது அணைக்கச் சொல்லுங்கள், பெண்ணின் கன்னத்தில் பச்சையும் ஊதாவும் ஓடும். வாசலில் சிவப்புச் சாமியானா போட்டால் அதன் கீழே நிற்கிற எல்லாரும் சிவப்பாகத்தான் இருப்பார்கள், எந்தக் கம்ப்யூட்டரிலும் அதை முழுதாகக் கழுவ முடியாது. வெள்ளைத் துணி கேளுங்கள். கீற்றுப் பந்தல் அழகுதான், ஆனால் இடைவெளியில் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழும். கீற்றுக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் போதும்.

மண்டபத்து ஏ.சி. அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் நம் கடற்கரை ஈரக்காற்றில் லென்ஸ் வேர்த்துவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒன்றும் எடுக்க முடியாது. அதனால் ஏ.சி. இல்லாத இடத்தில் கேமராப் பையை வைக்க ஒரு மேசை கொடுங்கள். அருந்ததி பார்ப்பதை அப்படித் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

தங்கச்சிமடத்துப் பிள்ளை

எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கோயிலில் மாலைப் பூசையில் கல்யாணம் வைப்பவர்கள் இதைப் படித்தால், பூசை மூன்றரைக்கு என்று சாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். நாலரைக்கு வைத்துவிட்டு, எல்லாரும் வாழ்த்தி முடிக்கும்போது வெளியே இருட்டிவிட்டது எங்கள் வீட்டில். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மோசம். நவம்பர் தொடக்கத்தில் ஆறு மணி அடிக்கும் முன்பே சூரியன் போய்விடும். மழையும் அப்போதுதான்.

உச்சிப்புளி அண்ணன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் சொன்னீர்கள், நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

மாலை நினைத்தபடி முழுதும் நடக்கவில்லை. மறுவீட்டுச் சடங்கு இழுத்துவிட்டது. தங்கச்சி தூங்கியது இருபது நிமிஷம்தான். வாசல் படம் 4.25-க்கு எடுத்தோம், அப்பத்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். புதுமடம் போய்ச் சேர ஐந்தரை. ஆறு மணி வாக்கில் மேற்கே ஒரு மேகத்திட்டு வந்து சூரியனை மூடிவிட்டது. நான் மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறேன், போனில் அத்தான் "மேகம்" என்று மட்டும் செய்தி அனுப்புகிறார். மேகத்துக்கு அடியில் ஒரு விரல்கடை வானம் திறந்திருந்ததாம். 6.08-க்குச் சூரியன் அதற்குள் இறங்கியது. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். அதில் எடுத்த படங்களில் தங்கச்சியின் அரக்குச் சேலை தணல் மாதிரி இருக்கிறது. ஜரிகை பற்றி வெளிச்சம் அண்ணன் சொன்னதை அந்தப் படங்களில் பார்த்தேன்.

பத்திரிகையில் இரண்டாகப் பிரித்துப் போட்டது பெரிய உதவி. 7.20-க்கு ஜோடி வந்தது. சாயல்குடிப் பெரியம்மாவை முதல் ஆளாக மேடை ஏற்றினோம்.

காலைப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அருந்ததி பார்க்கக் கிழக்கு வாசலுக்கு வந்தபோது அம்மா தங்கச்சியின் நெற்றிச்சுட்டி விலகியிருப்பதைப் பார்த்துச் சரிசெய்தார்கள். அம்மா கையில் முந்தின நாள் வைத்த மருதாணி, நகத்தில் மஞ்சள். வெயில் இரண்டு முகத்திலும் ஒரே அளவாக விழுந்திருக்கிறது. அம்மா வாய் பாதி திறந்திருக்கிறது, என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேருக்குமே இப்போது நினைவில்லை.

அக்கா விஷயம். கடற்கரைக்கு அக்காவையும் அத்தானையும் துணைக்கு அனுப்பியிருந்தேன். அக்காவுக்குத் தெரியாமல் படம் எடுப்பவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் அவர்களுக்கு. தங்கச்சியே "முதலில் அக்காவை நிறுத்துங்கள்" என்று சொன்னாளாம். அக்கா அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, பழைய ஆல்பத்தில் அந்த நாலு பக்கத்துக்கு முன்னால் ஒட்டி வைத்திருக்கிறாள்.

தொண்டி மாப்பிள்ளை

அண்ணே, முழுதும் படித்தேன், கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆவணி இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை. பெண் வீடு மண்டபம் ஊரில். நாங்களும் புதுமடமே போகலாமா?

ராம்நாடு வெளிச்சம்

வேண்டாம் தம்பி. ஆவணியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, இன்னும் ஓயாது. தென்கடல் கரையில் மணல் அடிக்கும், கடலும் கலங்கி இருக்கும். நீங்கள் வடகடலுக்குப் போங்கள், அரியமான். அந்த மாதம் சூரியன் மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே இறங்கும், சவுக்குக்குப் பின்னால் அவ்வளவு சீக்கிரம் மறையாது. அஸ்தமனம் சுமார் 6.25. வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம், அது கழிந்து கிளம்பினாலே போதும். முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்த் தோப்பை முட்டி வைத்து அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்த இடத்தில் நிற்பது என்று சொல்கிறேன்.